கணினியுடன் சேர்ந்து தொடங்க வேண்டியவை தொடங்காதபோது: சேவை மையங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி என இராமநாதபுரம் கடற்கரையில் இ-சேவை மையமோ பிரவுசிங் சென்டரோ நடத்துபவர்கள், காலையில் கணினியைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியாத பல நிரல்கள் பின்னணியில் தாமாகத் தொடங்கிவிடும் என்று நம்பித்தான் அன்றைய வேலையை ஆரம்பிக்கிறார்கள். கைரேகைக் கருவியை இணையப் பக்கத்தோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ், பிரின்டருக்கு அனுப்பியவற்றை வரிசைப்படுத்தும் ஸ்பூலர், மின்கையொப்ப டோக்கனைப் படிக்கும் நிரல், வைரஸ் தடுப்பான் ஆகிய எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ஒன்று தொடங்காமல் போனால் அது தொடங்கவில்லை என்று திரை நேராகச் சொல்வது அரிது. கருவியோ கேபிளோ இணையமோ கெட்டுவிட்டதாகத்தான் தோன்றும். ஆகவே கோளாறின் பெயரிலிருந்து அல்லாமல், கண்ணில் படும் அறிகுறியிலிருந்தே ஒவ்வொரு பகுதியையும் தொடங்கியிருக்கிறேன்.

வழிமுறைகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுக்களின் பெயர்களையும் கட்டளைகளையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும்.

தொடங்கும் முன் அறிய வேண்டியது

பின்னணியில் ஓடும் நிரல் ஒன்று விண்டோஸில் நான்கு வழிகளில் தொடங்கக்கூடும். முதல் வழி, சர்வீஸ். இது யாரும் கடவுச்சொல் இடுவதற்கு முன்பே, கணினி எழும்போதே தொடங்கிவிடும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து சர்வீஸ்கள் பயனரின் திரையிலிருந்து பிரிக்கப்பட்ட தனி அமர்வில் ஓடுவதால், அவற்றால் நமக்கு முன்னால் ஒரு சாளரத்தைத் திறக்க முடியாது. இரண்டாவது, ஸ்டார்ட்டப் ஆப். இது நாம் உள்நுழைந்த பிறகு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியிலிருந்தோ ஸ்டார்ட்டப் கோப்புறையிலிருந்தோ தொடங்குகிறது. மூன்றாவது, டாஸ்க் ஷெட்யூலரில் உள்நுழையும் நேரத்துக்கென்று வைக்கப்பட்ட பணி. நான்காவது, முன்பு திறந்திருந்த நிரல்களை விண்டோஸே திரும்பத் திறந்துகொடுப்பது. எந்த வழியில் ஒரு நிரல் தொடங்குகிறது என்று தெரியாமல் அதை நிறுத்தவோ திருத்தவோ முனைந்தால், தவறான இடத்தில் கைவைத்து நேரம்தான் போகும். கீழே உள்ள பெரும்பாலான தீர்வுகள் இந்த வேறுபாட்டை ஒட்டியே அமைந்தவை.

அறிகுறி: கைரேகைக் கருவி கணினியில் தெரிகிறது, ஆனால் இணையப் பக்கம் கருவியே இல்லை என்கிறது

நம் கடற்கரையில் இதுதான் மிகுந்த மனவேதனை தரும் கோளாறு. கயிறும் வலையும் இழுத்துத் தேய்ந்த விரல்களோடும், பாசி எடுத்துப் பாறையில் உரசிய விரல்களோடும் வருபவர்களுக்கு ரேகை பதிவது எளிதல்ல என்பது உண்மைதான். ஆனால் சர்வீஸ் ஓடாத கணினியின் முன்னால் அவர்களை உட்காரவைத்து, "உங்களுக்கு ரேகை விழவில்லை, கையை நன்றாகக் கழுவிவிட்டு நாளைக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது அநியாயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலும், மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்கு வரும் நவம்பரிலும் ஒருவரை மறுநாள் வரச் சொன்னால், அவருக்கு ஒரு பேருந்துச் செலவும் ஒரு நாள் அலைச்சலும் கூடுகின்றன.

விரலா, சர்வீஸா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. பக்கத்தில் ரேகை எடுக்கும் பொத்தானை அழுத்தியதும் கருவியின் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கு எரிந்து, விரலை வைத்த பிறகு மறுப்பு வந்தால், விரல், கண்ணாடியின் அழுக்கு, ஆதாரில் உள்ள பழைய பதிவு ஆகியவற்றை நோக்கலாம். விளக்கு எரியாமலேயே பிழைச் செய்தி வந்தால் விரலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அப்படியானால் ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, கருவியின் பெயரோடு ஆர்டி சர்வீஸ் என்று இருக்கும் வரியைக் கண்டுபிடியுங்கள். ஸ்டேட்டஸ் என்னும் பத்தியில் ரன்னிங் என்று இல்லாமல் வெறுமையாக இருந்தால் சர்வீஸ் ஓடவில்லை என்று பொருள். வலது கிளிக் செய்து ஸ்டார்ட் கொடுங்கள். பிறகு அதே வரியை இருமுறை கிளிக் செய்து, ஸ்டார்ட்டப் டைப் ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மேனுவல் என்று மாறியிருந்தால் இன்றைக்கு ஓடும், நாளைக் காலையில் மறுபடியும் ஓடாது.

கடிகாரத்தின் அருகில் கருவியின் சின்னம் தெரிகிறதே, சர்வீஸ் ஓடத்தானே செய்கிறது என்று பலர் எண்ணுவதுண்டு. அந்தச் சின்னம் பொதுவாக உள்நுழைந்த பிறகு தொடங்கும் தனி நிரல், சர்வீஸ் வேறு. சின்னம் இருந்து சர்வீஸ் நின்றிருக்கலாம், சர்வீஸ் ஓடிச் சின்னம் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே சர்வீசஸ் பட்டியலில் உள்ளதையே நம்புங்கள்.

சர்வீஸ் ஓடியும் பக்கம் அதைக் காணவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது போர்ட் எண், அதாவது நிரல்கள் ஒன்றையொன்று தொடர்புகொள்ளும் கதவு எண். ஆதார் ஆணையத்தின் வரையறைப்படி ஆர்டி சர்வீஸ் அதே கணினிக்குள் 127.0.0.1 என்னும் முகவரியில் 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்களில் ஒன்றில் காத்திருக்கும். இணையப் பக்கம் இந்த எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, நெட்ஸ்டாட் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டைத் தொடர்ந்து ஏ, என், ஓ என்னும் மூன்று சிற்றெழுத்துகளைச் சேர்த்து என்டர் அழுத்தினால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். அதில் 11100 என்ற எண்ணும் லிசனிங் என்ற சொல்லும் உள்ள வரியைத் தேடுங்கள். வரியின் கடைசியில் உள்ள எண் அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கும் நிரலின் அடையாள எண். டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில் பிஐடி என்ற பத்தியோடு ஒப்பிட்டால் நிரலின் பெயர் கிடைத்துவிடும். பழைய கருவியை மாற்றிப் புதியது வாங்கிய மையங்களில், பழைய கருவியின் சர்வீஸ் நீக்கப்படாமல் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். பக்கம் அதைக் கேட்டு, கருவி இணைக்கப்படவில்லை என்ற பதிலைப் பெற்று, அதோடு நின்றுவிடக்கூடும். கையில் இல்லாத கருவியின் சர்வீஸை ஆப்ஸ் பட்டியலிலிருந்து முழுமையாக நீக்கிவிடுவதே சரி. டிசேபிள் செய்துவைப்பது இடைக்காலத்துக்கு மட்டும் போதும்.

சர்வீஸ் பதில் தந்து, அந்தப் பதிலில் நாட்ரெடி, அதாவது கருவி தயாராக இல்லை, என்ற சொல் வந்தால், சர்வீஸைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கேபிளும் யூஎஸ்பி துளையும் இணையமுமே மிச்சம். உப்புக்காற்று வீசும் ஊர்களில் யூஎஸ்பி முனைகளில் களிம்பு ஏறும். கணினியை முழுதாக அணைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் முனையைத் துடைத்து உலரவிட்டு மறுபடி இணைக்கலாம். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியிலும், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவியை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுவதும் பயன்தரும். இணையத்தைச் சொன்னதற்குக் காரணம், ஆர்டி சர்வீஸ் தன் சாவிகளைப் புதுப்பித்துக்கொள்ளக் கருவி நிறுவனத்தின் சர்வரோடு பேச வேண்டியிருக்கிறது. கணினியின் தேதியையும் ஒரு முறை பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், பாதுகாப்பான இணைப்பு எதுவுமே அமையாது.

அறிகுறி: இரவு அணைத்துக் காலையில் திறந்தாலும் கோளாறு அப்படியே இருக்கிறது; ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் போகிறது

இதற்குக் காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8 முதல் வந்த இந்த வசதி பல கணினிகளில் தானாகவே இயங்கும் நிலையில் இருக்கும். ஷட் டவுன் கொடுக்கும்போது பயனரின் நிரல்கள் மட்டுமே மூடப்படுகின்றன. இயங்குதளத்தின் உட்பகுதியும் சர்வீஸ்களும் அன்றிருந்த நிலையிலேயே வட்டில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே நினைவகத்துக்குத் திரும்புகின்றன. நேற்று மாலை சிக்கிக்கொண்டு நின்ற சர்வீஸ் இன்று காலையிலும் சிக்கிய நிலையிலேயே எழுகிறது. ரீஸ்டார்ட் அப்படியல்ல, அது எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தேர்ந்தெடுங்கள். கீழே அப் டைம் என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். தினமும் இரவு ஷட் டவுன் செய்த கணினியில் அது பல நாட்களைக் காட்டினால், அந்தக் கணினியின் சர்வீஸ்கள் அத்தனை நாட்களாகப் புதிதாகத் தொடங்கவே இல்லை.

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து, பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் இடத்துக்குப் போய், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் குறியை எடுத்துவிடுங்கள். அந்தக் குறி மங்கலாக இருந்தால், மேலே உள்ள, தற்போது மாற்ற முடியாதவற்றை மாற்றுவதற்கான இணைப்பை முதலில் அழுத்த வேண்டும். கணினி எழ இனிச் சிறிது கூடுதல் நேரம் ஆகும். பொதுமக்களுக்குச் சேவை தரும் இடத்தில் அந்தத் தாமதம் ஏற்கத் தக்கது என்பது என் உறுதியான கருத்து. அமைப்பை மாற்ற அனுமதி இல்லாத கணினியாக இருந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒரு முறை முழுமையாக அணையும்.

அறிகுறி: சர்வீஸ் ஆட்டோமேட்டிக் என்றுதான் இருக்கிறது, ஆனால் காலையில் ஓடுவதில்லை, கையால் ஸ்டார்ட் கொடுத்தால் ஓடுகிறது

ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதியில், சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர் என்ற மூலத்திலிருந்து வந்த பிழைகளைப் பாருங்கள். அங்கே உள்ள எண்தான் வழிகாட்டி. 7009 வந்து, அதை ஒட்டியே 7000 வந்திருந்தால், சர்வீஸ் தொடங்கிவிட்டதாகத் தெரிவிக்க விண்டோஸ் அளிக்கும் 30,000 மில்லிநொடி, அதாவது 30 நொடி, போதவில்லை என்று பொருள். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய கணினியில் எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் வட்டை இழுக்கும் காலைப் பொழுதில் இது இயல்பாக நேர்கிறது. சற்று நேரம் கழித்துக் கையால் தொடங்கும்போது வட்டு ஓய்ந்திருப்பதால் உடனே ஓடிவிடுகிறது. ரெஜிஸ்ட்ரியில் அந்த 30 நொடியை நீட்டும் முறை ஒன்று உண்டு என்றாலும், நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். சர்வீஸின் ஸ்டார்ட்டப் டைப்பை ஆட்டோமேட்டிக் டிலேடு ஸ்டார்ட் என்று மாற்றினால், மற்றவை தொடங்கி ஏறத்தாழ 2 நிமிடம் கழித்து அது தொடங்கும். கணினி திறந்த உடனே வரிசையில் நிற்பவரை அழைக்காமல் அந்த 2 நிமிடம் பொறுப்பது மட்டுமே நீங்கள் செய்ய வேண்டியது.

7001 என்று வந்திருந்தால், அந்தச் சர்வீஸ் சார்ந்திருக்கும் வேறொரு சர்வீஸ் தொடங்கவில்லை. பிராப்பர்ட்டீஸ் பெட்டியின் டிபென்டன்சீஸ் பகுதியில் அதன் பெயர் இருக்கும். கணினி வேகமாக வேண்டும் என்று யாரோ முன்பு டிசேபிள் செய்துவைத்த ஒன்றாக அது இருப்பது வழக்கம். 7038 வந்தால், அந்தச் சர்வீஸ் எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ அதன் கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்கக்கூடும். அப்படியானால் பிராப்பர்ட்டீஸ் பெட்டியின் லாக் ஆன் பகுதியில் புதிய கடவுச்சொல்லை இட வேண்டும்.

7031, 7034 ஆகியவை வேறு வகை. சர்வீஸ் நன்றாகத் தொடங்கி, நடுவில் திடீரென்று விழுந்துவிட்டது என்று அவை சொல்கின்றன. பிராப்பர்ட்டீஸ் பெட்டியின் ரெக்கவரி பகுதியில் முதல், இரண்டாவது, அடுத்தடுத்த தோல்விகள் மூன்றுக்கும் ரீஸ்டார்ட் த சர்வீஸ் என்று வைத்து, 1 நிமிட இடைவெளி கொடுத்தால் விழுந்தது தானாக எழும். ஆனால் அது நாளுக்குப் பல முறை விழுகிறது என்றால் இந்த ஏற்பாடு கோளாறை மறைக்கத்தான் செய்யும். அப்போது சர்வீஸை நீக்கி, கருவி நிறுவனத்தின் புதிய பதிப்பை நிறுவுவதே தீர்வு.

அறிகுறி: உள்நுழைந்த பிறகு நெடுநேரம் கணினி அசையவே இல்லை

டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் ஆப்ஸ் பகுதியைத் திறங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் நேராக ஸ்டார்ட்டப் இம்பாக்ட் என்று ஒரு மதிப்பீடு இருக்கும். தொடங்கும்போது 1 நொடிக்கு மேல் சிபியுவையோ 3 எம்பிக்கு மேல் வட்டையோ பயன்படுத்துவது ஹை என்று குறிக்கப்படும். பத்தித் தலைப்பில் வலது கிளிக் செய்து கமாண்ட் லைன் என்பதையும் சேர்த்துக்கொண்டால், நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்பதும் தெரியும். நிறுவனப் பெயரில்லாமல், டெம்ப் கோப்புறையிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ தொடங்கும் எதையும் சந்தேகியுங்கள்; பலருடைய பென் டிரைவ்கள் வந்து போகும் இடத்தில் இந்தச் சோதனை கட்டாயம் தேவை.

அரட்டைச் செயலி, பாடல் செயலி, பிரின்டர் நிறுவனத்தின் விளம்பர உதவியாளர் போன்றவற்றைத் தயங்காமல் டிசேபிள் செய்யலாம். தேவைப்படும்போது கையால் திறந்துகொள்ள முடியும். வைரஸ் தடுப்பான், டச்பேட், ஒலி, டோக்கன் நிரல் ஆகியவற்றைத் தொடக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, நிறுத்தியதன் பெயரையும் தேதியையும் மேசையில் உள்ள நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே மூச்சில் பத்தை நிறுத்திய கணினியில் மறுவாரம் ஏதாவது ஓடவில்லை என்றால், எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறி: டிசேபிள் செய்த நிரல் மறுபடியும் மறுபடியும் வருகிறது

நான்கு வழிகள் என்று முன்னர் சொன்னது இங்கேதான் பயன்படுகிறது. ஸ்டார்ட்டப் ஆப்ஸ் பட்டியலில் நிறுத்தியும் ஒரு நிரல் வருகிறது என்றால், அது வேறு வழியில் வருகிறது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் என்பதன் கீழ் சைன்-இன் ஆப்ஷன்ஸ் பக்கத்தில், திறந்திருந்த ஆப்களைச் சேமித்து மீண்டும் உள்நுழையும்போது திறக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் நிறுத்திவிடுங்கள். அடுத்து டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, டிரிகர்ஸ் பத்தியில் அட் லாக் ஆன் என்று உள்ள பணிகளைப் பார்வையிடுங்கள். அதுவும் இல்லையென்றால் விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, ஷெல் என்ற சொல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்டப் என்ற சொல் ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதினால் உங்கள் ஸ்டார்ட்டப் கோப்புறை திறக்கும். எல்லாப் பயனருக்கும் பொதுவான கோப்புறைக்கு, முக்காற்புள்ளிக்குப் பின் காமன் என்ற சொல்லை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஸ்டார்ட்டப் என்று எழுத வேண்டும். இந்த எல்லா இடங்களையும் ஒரே பட்டியலாகக் காட்டுவது மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ஆட்டோரன்ஸ் என்னும் கருவி. அதில் குறியை எடுப்பது நிறுத்துவது, டெலிட் செய்வது அழிப்பது. குறியை மட்டும் எடுங்கள்.

அறிகுறி: ஒரு பயனருக்கு ஓடுகிறது, இன்னொருவருக்கு ஓடவில்லை

காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என இருவர் தனித்தனிக் கணக்கில் உள்நுழையும் மையங்களில் இது வரும். நிரல் நிறுவப்பட்டபோது ஒரு பயனரின் ரன் பகுதியில் மட்டுமே பதிவாகியிருந்தால் மற்றவருக்கு அது தொடங்காது. எல்லாப் பயனருக்கும் என்ற தேர்வுடன் மறுபடி நிறுவ வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: காலையில் இருந்தவர் சைன் அவுட் செய்யாமல் ஸ்விட்ச் யூசர் கொடுத்துப் போயிருந்தால், அவருடைய அமர்வும் அதில் உள்ள நிரல்களும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நிரல் ஒரு போர்ட்டையோ டோக்கனையோ பிடித்திருந்தால், மாலையில் வருபவரின் நிரலுக்கு அது கிடைக்காது. டாஸ்க் மேனேஜரின் யூசர்ஸ் பகுதியில் இருவர் பெயரும் தெரிந்தால் முதலாமவரை சைன் ஆஃப் செய்துவிடுங்கள்.

அறிகுறி: மின்தடை நேரத்தில் திறந்த லேப்டாப்பில் மட்டும் தொடங்குவதில்லை

டாஸ்க் ஷெட்யூலரில் உருவாக்கப்படும் பணிகளுக்கு, மின்இணைப்பில் இருக்கும்போது மட்டுமே தொடங்கு என்ற நிபந்தனை இயல்பாகவே குறியிடப்பட்டிருக்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது உள்நுழைந்தால் அந்தப் பணி பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் தொடங்காமலேயே இருந்துவிடும். பணியின் கண்டிஷன்ஸ் பகுதியில் ஏசி பவர் பற்றிய அந்தக் குறியை எடுத்துவிட்டால் போதும். வடகிழக்குப் பருவமழையில் அடிக்கடி மின்சாரம் போகும் ஊர்களில் அக்டோபருக்கு முன்பே இதைச் செய்துவைக்கலாம்.

அறிகுறி: பிரின்டர் வரிசையில் ஒரு கோப்பு சிக்கி, அழிக்கவும் முடியவில்லை

சர்வீசஸ் பட்டியலில் பிரின்ட் ஸ்பூலரை ஸ்டாப் செய்து, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரின்டர்ஸ் என்னும் கோப்புறையில் உள்ள கோப்புகளை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கோப்புறையை அழித்துவிடக் கூடாது.

அறிகுறி: எந்த நிரல் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை

எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்து, சர்வீசஸ் பகுதியில் முதலில் ஹைடு ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ் என்ற குறியை இடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் கடவுச்சொல்லுக்குப் பதிலான பின் எண்ணால் உள்நுழைவது போன்ற அடிப்படை வசதிகளே நின்றுவிடலாம். மிச்சமுள்ள பட்டியலைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் டிசேபிள் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். கோளாறு போய்விட்டால், பாதியை மட்டும் இயக்கி மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள்; கோளாறு திரும்பினால் அது அந்தப் பாதியில் இருக்கிறது, இல்லையென்றால் மற்றப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், 32 சர்வீஸ்கள் இருந்தாலும் பாதியாக்கும் வேலை 5 முறைக்கு மேல் தேவைப்படாது. கூட்டம் இல்லாத மாலை நேரத்தில் இதைச் செய்வது நல்லது, ஏனெனில் நடுவில் ஆர்டி சர்வீஸும் நின்றிருக்கும். குற்றவாளியைக் கண்டறிந்ததும் அதை மட்டும் விட்டுவிட்டு, எடுத்துவைத்த படத்தைப் பார்த்து மற்ற எல்லாக் குறிகளையும் பழையபடி இட்டு, கடைசியாக ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து, உங்கள் விரலையே வைத்து ரேகை எடுத்துப் பார்த்த பிறகு கடையை அடையுங்கள்.